நாலு பேர் சொன்னால் எத்தனை பேர் சொன்னதாகும்?

மடிப்பாக்கத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு வாசகியிடமிருந்து மே மாதத்தில் ஒரு கேள்வி வந்தது. பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில்தான் அவர் ஆர்டர் எடுக்கிறார். ஒருநாள் காலையில் ஒருவர், "இன்னிக்கு மாவு ரொம்பப் புளிப்பு" என்று போட்டார். அடுத்து ஒருவர், "ஆமா, எங்க வீட்லயும்." அப்புறம் கால் மணி நேரத்தில் பதினான்கு 'ஆமா'. மறுநாள் இருபது பாக்கெட் தேங்கிவிட்டது. "அரிசி, உளுந்து, ஊறவைத்த நேரம் எதையும் நான் மாற்றவில்லை. ஆமா போட்டவர்களில் மூன்று பேர் அன்றைக்கு மாவே வாங்கவில்லை, நோட்டில் பார்த்துவிட்டேன். இது எப்படி சார்?"

அந்த மூன்று பேரை விடுங்கள், எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். எனக்குச் சுவாரசியமானவர்கள் மற்றவர்கள்தான். மாவை வாங்கி, இட்லி ஊற்றித் தின்றுபார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று நாக்கு சொல்லியும் 'ஆமா' போட்டவர்கள் அவர்களில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை, அசடுகளும் இல்லை. கணக்குப்படி சரியாக யோசித்தால் அப்படித்தான் போட வேண்டியிருக்கும்.

எப்படி என்று பார்ப்போம். மாவு உண்மையில் நன்றாக இருக்கிறது என்று வையுங்கள். யாருடைய நாக்கும் முழுக்க நம்பத்தக்கதல்ல. இரவு தொட்டுக்கொண்ட ஊறுகாய், காலையில் குடித்த காபி என்று ஏதாவது குழப்பும். மூன்று முறைக்கு இரண்டு முறை சரியாகச் சொல்லும், ஒரு முறை தவறும். முதல் ஆளுக்குத் தன் நாக்கைத் தவிர வேறு துப்பு இல்லை. புளிப்பு என்கிறார். இரண்டாம் ஆளின் நாக்கும் தவறிப்போய்ப் புளிப்பு என்கிறது. இப்போது மூன்றாம் ஆள் வருகிறார். அவர் நாக்கு 'நல்லாயிருக்கே' என்கிறது. ஆனால் திரையில் இரண்டு பேர் புளிப்பு என்கிறார்கள். இவர் நாக்கு ஒன்று, அவர்கள் நாக்கு இரண்டு. 'நமக்குத்தான் வாய் சரியில்லை போல' என்று அவரும் ஆமா போடுகிறார்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. மூன்றாம் ஆளின் நாக்கு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் ஆமாதான் போட்டிருப்பார். அப்படியானால் அந்த 'ஆமா'வில் தகவல் எதுவும் இல்லை. நான்காம் ஆளுக்கும் அதே நிலைமை, ஐம்பதாவது ஆளுக்கும் அதே. நாலு பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறோமே, இங்கே நாலு பேர் சொன்னது இரண்டு பேர் சொன்னதற்குச் சமம். நாற்பது பேர் சொன்னதும் அதே இரண்டு பேர் சொன்னதுதான்.

முதல் இருவரும் தவறுவதற்கு வாய்ப்பு 9இல் 1. இருவரும் சரியாகச் சொல்ல 9இல் 4. ஆளுக்கொன்றாகச் சொன்னால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆக, தவறுக்கு ஒரு பங்கு என்றால் சரிக்கு நாலு பங்கு. குழு மொத்தமும் தவறான பக்கம் சாய்வதற்கு வாய்ப்பு 5இல் 1. அதே நாக்குகளோடு 51 பேரை ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பான்மை தவறுவதற்கு வாய்ப்பு நூறில் ஒன்றுகூட வராது.

இதற்குத் தகவல் அருவி என்று பெயர் வைக்கலாம். 1992இல் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் அபிஜித் பானர்ஜி, பின்னால் 2019இல் பொருளாதார நோபல் பெற்றவர். அவர் சொன்ன உதாரணமும் சாப்பாட்டுக் கடைதான். அடுத்தடுத்து இரண்டு உணவகங்கள், ஒன்றுக்குப் பொதுவில் மயிரிழை கூடுதல் பெயர். நூறில் 99 பேர் மற்றதுதான் மேல் என்று கேள்விப்பட்டிருந்தாலும், முதலில் வந்தவர் தப்பான கடைக்குள் நுழைந்துவிட்டால் நூறு பேரும் அங்கேயே போய் உட்காரலாம். தி.நகரில் 'ராசியான கடை' என்று முகூர்த்த நாளில் நெரிசலில் நசுங்கி நிற்கிறோமே, அந்த ராசியிலும் பாதி இந்த அருவிதான் என்பது என் சந்தேகம். வீட்டில் சொன்னால் சண்டை வரும்.

2013இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனை முடிவு வந்தது. ஒரு விவாதத் தளத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் ஒரு பொய் ஆதரவு வாக்குப் போட்டார்கள். அவை முடிவில் சராசரியாக 25 சதவீதம் கூடுதல் மதிப்பெண் வாங்கின. பொய்யாக எதிர் வாக்கு விழுந்தவற்றைப் பின்னால் வந்தவர்கள் சரிக்கட்டிவிட்டார்கள்.

'சரி, அப்போ மச்சினியை விட்டு முதலில் சூப்பர் போடச் சொல்லலாமே' என்று தோன்றும். பல கடைக்காரர்கள் செய்கிறார்கள். எனக்கு அது தராசுக்கடியில் புளி ஒட்டுகிற வேலையாகத்தான் தெரிகிறது. ஊரை ஏமாற்றுவது இருக்கட்டும், தன் மாவு எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழியும் அதோடு போய்விடும்.

குழுவே உதவாது என்று சொல்லவில்லை. 'மிக்ஸி ஜாருக்கு பிளேடு எங்கே மாற்றுவார்கள்?' போன்ற கேள்விக்குக் குழுவை மிஞ்ச ஆளில்லை. தெரிந்த ஒருவர் சொன்னால் போதும், போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 'எப்படி இருக்கு?' என்ற கேள்வியைத்தான் அங்கே போடக் கூடாது. குழுவில் வாக்கெடுப்பு வைத்தாலும் யார் எதற்குப் போட்டார் என்று எல்லோருக்கும் தெரிகிறது, அருவி அங்கேயும் ஓடும்.

வாசகியிடம், அன்று வாங்கியவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்கச் சொன்னேன். 26 பேர் பதில் போட்டார்கள். இருபது பேர் நன்றாக இருந்தது என்றார்கள், அவர்களில் நாலு பேர் குழுவில் ஆமா போட்டவர்கள். ஆறு பேர் புளிப்பு என்றார்கள். அந்த ஆறு வீட்டில் ஐந்து, டி பிளாக். நோட்டைப் புரட்டினால், டி பிளாக்குக்குத்தான் கடைசியாகப் போய்ச் சேரும். மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஸ்கூட்டரில் தொங்கிய பையில் மாவு விறுவிறுவென்று புளித்திருக்கிறது. முதலில் புகார் போட்டவரும் டி பிளாக்தான், அவர் வீட்டு மாவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி.

இப்போது டி பிளாக்குக்கு முதலில் போகிறாராம்.