அவலாஞ்சி: ஊர்ப்பெயருக்குள் ஒரு நிலச்சரிவு

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாகப் போனால் அவலாஞ்சி. பெயரைக் கேட்டால் படுகர் சொல்லோ தோடர் சொல்லோ என்று தோன்றும். உண்மையில் அது வெள்ளைக்காரர்கள் வைத்த 'அவலாஞ்ச்'. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலை பெரிதாகச் சரிந்ததால் வந்த பெயர்.

'அவலாஞ்ச்' ஆல்ப்ஸ் மலைமக்களின் பேச்சிலிருந்து பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போன சொல். மலையிலிருந்து பெருந்திரளாகப் பனி சரிந்து வருவதைக் குறிக்கும். தமிழில் பனிச்சரிவு. அவலாஞ்சியில் உறைபனி உண்டு. சரிந்து விழும் அளவுக்குப் பனி குவிவதில்லை. அன்று சரிந்தது மண். ஆகவே அதற்குச் சரியான சொல் நிலச்சரிவு.

'சரி' என்னும் வினையிலிருந்து வந்தது சரிவு. மலையின் சாய்வான பக்கமும் சரிவுதான், அது பெயர்ந்து விழுவதும் சரிவுதான். இடத்துக்கும் ஆபத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு.

செய்திகளில் நிலச்சரிவும் மண்சரிவும் ஒன்றாகவே புழங்குகின்றன. என்னைக் கேட்டால், நிலச்சரிவைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, மண்சரிவு, பாறைச்சரிவு என்று வகை பிரிப்பது நல்லது. எது சரியும் என்று தெரிந்தால்தானே எதைத் தடுப்பது என்று தெரியும்!

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். அது காலங்காலமாகச் சிதைந்து, மேலே களி கலந்த செம்மண்ணாகக் கனத்துக் கிடக்கிறது. விடாமல் பெய்யும் மழை உள்ளே இறங்கியதும், துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறி மண்ணின் பிடிமானம் விட்டுப்போகிறது. வீட்டுக்காகச் சரிவின் அடியை வெட்டி, ஓடையையும் மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை. அந்த மழையில் மாவட்டம் முழுக்க நிலம் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலேயே 24 மணி நேரத்தில் 911 மில்லிமீட்டர் கொட்டியது.

அப்புறம் வந்த சொல் 'முன்கணிப்பு'. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை டார்ஜிலிங்குக்கும் நீலகிரிக்கும் 2020 முதல் மழைக்காலத்தில் நிலச்சரிவு முன்கணிப்பைச் சோதித்துப் பார்த்தது. சரியக்கூடிய இடங்களின் வரைபடத்தையும் மழைக் கணிப்பையும் சேர்த்துப் பார்க்கும் முறை இது. ஆனால் அது ஒரு வட்டாரத்துக்குத்தான் சொல்லும். உங்கள் வீட்டுப் பின்சரிவுக்குத் தனியாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்: தேயிலைத் தோட்டத்தில் புதிதாக ஓடும் விரிசல், சாய்ந்த மின்கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, தெளிவாக வந்த ஊற்றில் கலங்கல். மழை நாளில் இவற்றில் ஒன்றைக் கண்டாலும், உடனே வீட்டை விட்டு வெளியேறிவிடுங்கள்.