களத்தில் காயாத மஞ்சளைச் சாயம் காப்பாற்றாது

மூட்டைக்குள் கை விட்டால் விரலெல்லாம் மஞ்சள் ஒட்டுகிறது. விரலியை, அதாவது விரல் போல நீண்ட மஞ்சளை, ஒடித்தால் மேலே பளபளப்பு, நடுவே மாவு போல வெளிறல். நகத்தால் அழுத்தினால் குழிகிறது. சரியாகக் காயாத மஞ்சளுக்கு மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். ஈரோட்டு ஏலக்கூடங்களில் இப்படிப்பட்ட மாதிரிகளைத் தள்ளித் தள்ளிக் கை சலித்துவிட்டது. இந்தப் பருவத்திலும் அதே கதை என்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த ஊர் மஞ்சளுக்குப் பேர் சும்மா வரவில்லை. எட்டு ஒன்பது மாதப் பயிர், தண்ணீர் அறக்கூடாது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் பவானியிலிருந்து கொடுமுடி வரை அந்தத் தண்ணீரைக் கொடுத்தது. 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் ஓடியதும் கிணறுகளிலும் ஊற்று கூடியது. அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வெயில் தானாகக் காயவைத்துத் தரும். தண்ணீரும் வெயிலும் சேர்ந்த இடத்தில் ஏலக்கூடம், கிடங்கு, பாலிஷ் பட்டறை, அரவை ஆலை, சுமைக்கூலி, லாரி என்று ஒரு ஊரே எழுந்தது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏலத்துக்கு வந்த ஒரு குவியலில் சாயம் பிடிபட்டால் அடி அந்த விவசாயிக்கு மட்டுமல்ல, இத்தனை பேருக்கும்தான்.

"நிறம் தூக்கலாக இருந்தால்தான் விலை போகும்." இதை எத்தனை முறை மறுப்பது? மஞ்சளின் நிறம் குர்குமின். அது கிழங்கின் உள்ளே, ரகத்தையும் பக்குவத்தையும் பொறுத்து இருப்பது. வேகவைப்பது அந்த நிறத்தைக் கிழங்கு முழுக்கச் சீராகப் பரப்புகிறது. பாலிஷ் மேல்தோலையும் வேரையும் உரசி எடுக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பூசுவது எதுவும் குர்குமினை ஒரு துளி கூட்டாது. பெரிய வியாபாரிகள் விரலியை ஒடித்துத்தான் பார்க்கிறார்கள். ஆய்வகம் அரைத்துப் பார்க்கிறது. மேல் பூச்சுக்கு ஏமாறுவது சமையலறையில் இருக்கும் வாடிக்கையாளர் மட்டுமே. இப்படிப் பூசும் சாயங்களில் ஒன்று ஈயக் குரோமேட், ஈயம் கலந்த மஞ்சள் நிறப் பொடி. அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. வங்கதேசத்தில் 2019-ல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சந்தைகளில் சோதனை போட்டு, அபராதம் விதித்ததும் 2021-ல் அது பூஜ்யமானது. பழக்கம் என்று நாம் சொல்வது இரண்டே வருடத்தில் நிற்கக்கூடியதுதான். மெருகு வேண்டும் என்றால் பாலிஷின் கடைசிக் கட்டத்தில் 100 கிலோவுக்கு 2 கிலோ நல்ல மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள், போதும்.

அடுத்த கணக்கு ஈரம். "கொஞ்சம் ஈரம் இருந்தால் எடை நிற்கும்" என்கிறார்கள். 15 சதவீத ஈரத்தில் 100 கிலோ மஞ்சளை 10 சதவீதத்துக்குக் காயவைத்தால் சுமார் 94.4 கிலோ மிஞ்சும். அதாவது ஈர மஞ்சளுக்குக் குவிண்டால் விலை 5.6 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே நீங்கள் நட்டத்தில். போதாக்குறைக்கு அது கிடங்கில் பூஞ்சை பிடிக்கும். முழு மஞ்சளுக்கு உணவுப் பாதுகாப்பு விதியில் அனுமதிக்கப்பட்ட ஈரம் 12 சதவீதம். அதற்குக் கீழே நின்றுகொள்ளுங்கள்.

தவறு பெரும்பாலும் வேகவைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தோண்டிய இரண்டு மூன்று நாளுக்குள் வேகவையுங்கள். விரலியையும் குண்டான தாய்க்கிழங்கையும் ஒன்றாகப் போடாதீர்கள். தாய்க்கிழங்கு வேகும்போது விரலி குழைந்துவிடும். கொப்பரையில் மஞ்சள் மூழ்கும் அளவு தண்ணீர், 45 முதல் 60 நிமிடம். நுரை கட்டி, வெள்ளைப் புகையோடு மஞ்சள் வாசம் எழும்போது குச்சியால் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் உடனே எடுங்கள். அதற்கு மேல் விட்டால் நிறம் கெடும். முன்பே எடுத்தால் காய்ந்ததும் நொறுங்கும். நீராவி பாய்லர் வாடகைக்கு எடுப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் குச்சியை நம்புங்கள். நீராவியில் நேரம் குறைவு.

களத்தில் இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் பரப்புங்கள். மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள், நிறம் வெளுத்துவிடும். இரவில் குவித்து மூடிவையுங்கள். 10 முதல் 15 நாள் ஆகும். 100 கிலோ பச்சை மஞ்சளுக்குச் சுமார் 20 கிலோ உலர் மஞ்சள் வரும். இதைவிட நிறைய வந்தால் சந்தோஷப்படாமல் இன்னும் இரண்டு நாள் காயவிடுங்கள். ஒடித்தால் 'டக்'கென்று உலோக ஓசை வரவேண்டும், முறிந்த இடம் கொம்பு போலப் பளபளக்க வேண்டும். ஐந்தாறு மூட்டையிலிருந்து எடுத்து ஒடித்துப் பாருங்கள்; மேலாக இருக்கும் ஒரு விரலி எதையும் சொல்லாது.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து முழு மஞ்சளைப் போடுங்கள். உடனே தண்ணீர் மஞ்சளானால் சாயம் என்று சந்தேகப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

விலைக்காகக் காத்திருந்து சேமிப்பவர்கள் மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் மஞ்சளைத் துளைக்கும் சிகரெட் வண்டு வந்துவிட்டது. அதற்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கி நீங்களே மூட்டைக்கு நடுவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். உரிமம் பெற்றவரை அழையுங்கள். அவர் கிடங்கைத் திறந்து காற்றாடவிட்டுச் சொல்லும்வரை யாரும் உள்ளே போகவேண்டாம்.