இரண்டு சர்வர் இருந்தும் தளம் ஏன் நிற்கிறது?

“எங்களிடம் இரண்டு சர்வர் இருக்கிறது சார், ஒன்று போனாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும்.” புதிதாக ஒரு நிறுவனத்தின் கட்டமைப்பைப் பார்க்கப் போகும்போது பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே இரண்டு சர்வர் இருக்கும், முன்னால், வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சரும் இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதல் சர்வர் போய்விட்டது என்று முடிவெடுப்பது யார், எதைப் பார்த்து, எத்தனை விநாடியில்? பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். கிளஸ்டர் (பல சர்வர்களைச் சேர்த்த அமைப்பு) போட்டும் தளம் நின்றுபோன இடங்களில், நான் பார்த்தவரை, சர்வர் எண்ணிக்கையில் குறை இருந்தது அபூர்வம். இந்தக் கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இருந்ததில்லை.

சர்வர் விழுந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது விழும் விதம் முக்கியம். அப்ளிகேஷன் மட்டும் கிராஷ் ஆனால் பெரிய தொல்லை இல்லை. இயங்குதளம் உயிரோடு இருப்பதால், அந்த அப்ளிகேஷனின் போர்ட்டுக்கு (நெட்வொர்க் வாசலுக்கு) யார் வந்தாலும் ‘இங்கே ஆள் இல்லை’ என்று உடனே ஒரு ரீசெட் பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வந்த கோரிக்கையை அடுத்த சர்வருக்குத் திருப்பிவிடலாம். மின்சாரம் போனாலோ, நெட்வொர்க் கார்டு செத்தாலோ, நடுவில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டுகளை விழுங்க ஆரம்பித்தாலோ கதை வேறு. ‘இல்லை’ என்று சொல்லக்கூட அங்கே ஆள் இருக்காது.

பதிலே வராத இந்த நிலையை லினக்ஸ் எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ளும் என்று பலருக்குத் தெரிவதில்லை. புது இணைப்பு கேட்கும்போது, முதல் முயற்சிக்குப் பதில் வராவிட்டால், இயல்பு அமைப்பில் இன்னும் ஆறு முறை தட்டிப் பார்க்கும். காத்திருப்பு 1, 2, 4 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே 64 வரை போகும். கூட்டினால் 127 விநாடி. புதிய கர்னல்களில் (லினக்ஸின் மையப்பகுதி) இரட்டிக்கும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனாலும் ஒரு நிமிடத்துக்கு மேல்தான். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு என்றால் இன்னும் மோசம். அனுப்பிய தகவல் போய்ச் சேர்ந்ததாக ஒப்புகை வராவிட்டால் 15 முறை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். அதற்கு 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். எதையும் அனுப்பாமல் சும்மா காத்திருக்கும் இணைப்புக்கு டிசிபி கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வசதி) போட்டிருந்தாலும், முதல் சோதனை 2 மணி நேரம் கழித்துத்தான் போகும்.

இது எப்படிக் கடிக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பிரைமரி (எழுத்தை ஏற்கும் முதன்மைப் பிரதி) இருந்த இயந்திரம் மின்சாரக் கோளாறில் சட்டென்று அணைந்தது. ஃபெயில்ஓவர் (விழுந்ததற்குப் பதில் மாற்று பொறுப்பேற்பது) சரியாக வேலை செய்தது. ரெப்ளிகா (அதன் நகல்) பிரைமரியாக மாறி எழுதத் தயாராகிவிட்டது. மானிட்டரில் எல்லாம் பச்சை. தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்ளிகேஷனின் கனெக்ஷன் பூலில் (முன்பே திறந்து வைத்த இணைப்புகளின் தொகுப்பில்) இருந்த அத்தனை இணைப்புகளும் செத்துப்போன இயந்திரத்திடமிருந்து பதில் வரும் என்று காத்துக்கொண்டிருந்தன. யாரோ அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்ய, தளம் எழுந்துவிட்டது. ‘ரீஸ்டார்ட் செய்ததும் தீர்ந்தது’ என்று சம்பவக் குறிப்பில் எழுதி மூடிவிட்டார்கள். எதுவும் தீரவில்லை. இணைப்புக்கு 2 அல்லது 3 விநாடி டைம்அவுட் (காத்திருக்கும் உச்ச நேரம்), பதிலுக்கு அந்த வேலைக்கேற்ற டைம்அவுட், பூலில் இருந்து எடுக்கும்போது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு சோதனை, இந்த மூன்றும் கான்ஃபிகில் ஏறியிருக்க வேண்டும். டேட்டாபேஸ் டிரைவர்கள் பலவற்றில் பதிலுக்கான டைம்அவுட் இயல்பாகவே ‘எல்லையில்லை’ என்றுதான் இருக்கும். ஒருமுறை திறந்து பாருங்கள்.

குபெர்நெட்டிஸ் (பல இயந்திரங்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டுவிட்டோம், இதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு இயந்திரம்) பேச்சுமூச்சில்லாமல் போனால், அதைத் தயாரில்லை என்று அறிவிக்கவே இயல்பு அமைப்பில் 40 முதல் 50 விநாடி ஆகும். அதிலிருந்த பாட்களை (அப்ளிகேஷன் ஓடும் அலகுகளை) வேறு நோடில் எழுப்ப அதற்கப்புறம் இன்னும் 300 விநாடி பொறுக்கும். அந்தப் பொறுமைக்குக் காரணம் இருக்கிறது, சின்ன நெட்வொர்க் தடங்கலுக்கெல்லாம் பாட்களை இடம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் உங்கள் சேவை ஒரே பாடில் ஓடினால், அந்த ஐந்தாறு நிமிடம் தளம் இல்லை.

சரி, முழுதாகச் செத்த சர்வரை எப்படியும் கண்டுபிடித்துவிடலாம். எச்ஏ பிராக்ஸி போன்ற ஒரு லோட் பேலன்சர் முன்னால் இருந்தால், ஹெல்த் செக் (சர்வர் நலமா என்ற சோதனை) போட்டவுடன் இயல்பாகவே 2 விநாடிக்கு ஒருமுறை பார்த்து, தொடர்ந்து மூன்று முறை தவறினால் அந்த சர்வரை விலக்கிவிடும். அரைகுறையாகச் செத்ததுதான் ஆபத்து. வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று மட்டும் சொல்லும் ஊழியர் மாதிரி.

அடிக்கடி பார்ப்பது இது. டிஸ்கில் பிழை வந்து, லினக்ஸ் அந்த ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடும். வெப் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். ஹெல்த் செக்குக்கு வைத்திருப்பது ‘ஓகே’ என்று ஒரு வரி மட்டும் உள்ள நிலையான பக்கம் என்பதால் 200 (எல்லாம் சரி) என்று பதில் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் ஃபைல் அப்லோடு, செஷன், லாக் என்று எழுத வேண்டிய எதுவும் நடக்காது. இரண்டு சர்வருக்கும் மாறி மாறி டிராஃபிக் போவதால், பயனருக்கு ஒருமுறை பிழை வரும், ரிஃப்ரெஷ் செய்தால் சரியாக வரும். புகாரும் அதேபோல் ‘சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை’ என்றுதான் வந்து சேரும். டீமில் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு ‘எனக்கு வருகிறதே’ என்பார். மணிக்கணக்கில் போவது இங்கேதான்.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. நல்ல சர்வர் ஒரு கோரிக்கைக்கு 200 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கெட்டுப்போன சர்வர் எதுவும் செய்யாமல் 2 மில்லிவிநாடியில் 500 என்ற சர்வர் பிழையைத் துப்பிவிடும். யாரிடம் இணைப்பு குறைவோ அவரிடம் அனுப்பு என்று லோட் பேலன்சரில் வைத்திருந்தால், எப்போதும் காலியாகத் தெரிவது கெட்டுப்போன சர்வர்தான். மொத்த டிராஃபிக்கையும் அது இழுத்துக்கொள்ளும். அதனால் ஹெல்த் செக் பக்கம் மட்டும் போதாது. உண்மையான கோரிக்கைகளுக்கு எந்த நோடு எத்தனை 500 தருகிறது என்பதையும் லோட் பேலன்சர் கணக்கில் எடுத்து விலக்க வேண்டும். பல லோட் பேலன்சர்களில் இந்த வசதி இருக்கிறது. போட்டு வைப்பவர்கள்தான் குறைவு.

இதைக் கேட்டுவிட்டு ஹெல்த் செக்கில் எல்லாவற்றையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். டேட்டாபேஸ் பதில் தருகிறதா, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) இருக்கிறதா, பேமெண்ட் கேட்வே வேலை செய்கிறதா, அத்தனையும். பார்க்கப் பொறுப்பாகத் தெரியும். ஆனால் டேட்டாபேஸ் பத்து விநாடி மெதுவானால் எல்லா நோடும் ஒரே நேரத்தில் ‘நான் நலமில்லை’ என்று கையைத் தூக்கும். லோட் பேலன்சர் எல்லாவற்றையும் விலக்கிவிடும். மெதுவாக ஓடியிருக்க வேண்டிய தளம் மொத்தமாகக் காணாமல் போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் மறைந்துபோனதில் இந்தச் சாயல் இருந்தது. உள் நெட்வொர்க் அறுந்ததும், டேட்டா சென்டரோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்பவை), தாங்கள்தான் பழுது என்று எடுத்துக்கொண்டு, வடிவமைத்தபடியே இணையத்திலிருந்து தங்கள் முகவரியை விலக்கிக்கொண்டன. டிஎன்எஸ் சர்வர்களில் எந்தப் பழுதும் இல்லை.

என் பழக்கம் இதுதான்: ஒரு நோடுக்கும் இன்னொரு நோடுக்கும் வேறுபடக்கூடிய விஷயத்தை மட்டும் ஹெல்த் செக்கில் வை. அந்த நோடின் டிஸ்கில் எழுத முடிகிறதா, அதன் திரெட்கள் (கோரிக்கைகளைக் கையாளும் இழைகள்) தீர்ந்துவிட்டனவா, இப்படி. எல்லோருக்கும் பொதுவான டேட்டாபேஸ் போனால் நோடை விலக்கி என்ன ஆகப்போகிறது? அது அலர்ட்டாகப் போக வேண்டிய செய்தி. என்வாய் பிராக்ஸி என்ற லோட் பேலன்சரில், நலமான நோடுகள் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஹெல்த் செக்கையே நம்பாமல் எல்லோருக்கும் டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு இயல்பாகவே உண்டு. பாதிக்கு மேல் ஒரே நொடியில் செத்துவிட்டதாகத் தெரிந்தால், தப்பு பெரும்பாலும் பார்ப்பவரிடம்தான் என்ற கணக்கு.

கொள்ளளவைப் பற்றி நீட்டத் தேவையில்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். இரண்டு சர்வரும் 70 சதவீதச் சுமையில் ஓடினால், ஒன்று போன பிறகு மிச்சமிருப்பதற்கு 140 சதவீதம். அதுவும் விழும். இரண்டு என்றால் ஒவ்வொன்றும் உச்ச நேரத்தில் 50-க்குக் கீழே, மூன்று என்றால் 66-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்புறம், மறுமுயற்சிகளை மறந்துவிடாதீர்கள். பிரவுசர் பக்கம், கேட்வே, உள் சேவை என மூன்று அடுக்கும் தலா மூன்று முறை முயன்றால், ஒரு கிளிக் அடியில் 27 கோரிக்கையாக வந்து இறங்கும், அதுவும் ஏற்கெனவே திணறும் சர்வர் மேல். மறுமுயற்சி ஒரே அடுக்கில் இருக்கட்டும், இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும், அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறட்டும். பணம் செலுத்துவது போன்ற கோரிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பக் கூடாது. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் 2016-லேயே, சர்வருக்கு அனுப்பிவிட்ட போஸ்ட் (தகவலைச் சமர்ப்பிக்கும்) கோரிக்கைகளை இன்னொரு சர்வருக்கு மறுபடி அனுப்புவதை இயல்பு அமைப்பில் நிறுத்திவிட்டது.

டேட்டாபேஸுக்கு வந்தால் பயம் தலைகீழாகிறது. வெப் நோடு ஒன்றைத் தவறாகச் செத்தது என்று முடிவு செய்தால் பெரிய நஷ்டமில்லை. பிரைமரி டேட்டாபேஸைத் தவறாகச் செத்தது என்று முடிவு செய்து இன்னொன்றைப் பிரைமரியாக்கினால், இரண்டு பிரைமரி, இரண்டிலும் எழுத்து. 2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பழுதான நெட்வொர்க் கருவியை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 விநாடி அறுந்தது. அந்த இடைவெளியில் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையில் புதிய பிரைமரியை நியமித்துவிட்டது. இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத எழுத்துகள் சேர்ந்துவிட்டன. அவற்றைச் சிதைக்காமல் சேவையை முழுதாக மீட்க 24 மணி 11 நிமிடம் ஆனது.

இதனால்தான் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் யாரும் பிரைமரி ஆகக் கூடாது என்ற விதி. மூன்று நோடில் இரண்டு, ஐந்தில் மூன்று. நான்கு நோடு போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நான்கில் பெரும்பான்மை மூன்று, ஆகவே ஒன்றின் இழப்பைத்தான் தாங்கும், மூன்று நோடு தாங்கும் அளவுதான். பழைய பிரைமரியின் மின்சாரத்தை வெளியிலிருந்து துண்டித்துவிட்டு, பிறகே புதியதை எழுப்பும் ஏற்பாடும் வேண்டும். இதைச் சரியாகச் சோதிக்க ஆளும் நேரமும் இல்லாத சிறிய டீமுக்கு என் யோசனை: வெப் அடுக்கு தானாக மாறட்டும், டேட்டாபேஸ் மட்டும் ஒரு மனிதர் பார்த்து ஒரே கமாண்டில் மாற்றட்டும். பத்து நிமிடம் தளம் நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாகப் பிரிந்த கணக்குகளை ஒட்டுவது வேறு வேலை.

இரண்டு சர்வர் என்பதில் இன்னொரு மறைபொருள், இரண்டும் சேர்ந்து விழாது என்பது. 99 சதவீதம் நம்பத்தக்க இரண்டு சர்வரைச் சேர்த்தால் 99.99 என்ற கணக்கு, அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுந்தால் மட்டுமே. இரண்டு விர்ச்சுவல் மெஷினும் (மென்பொருளில் உருவாக்கிய சர்வர்) ஒரே இயந்திரத்தின் மேல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2021 மார்ச்சில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பர்க் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போனது.

முதல் நோடில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் விஷயங்களையும் தேடிப் பாருங்கள். கிரான் வேலைகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), பயனர் ஏற்றிய படங்கள், செஷன் ஃபைல்கள். அதிகம் மாட்டுவது, தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் 90 நாள் சான்றிதழைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் முதல் நோடில் மட்டும் ஓடும். இரண்டாவது நோடில் கிளஸ்டர் கட்டிய அன்று காப்பியடித்து வைத்த சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகியிருக்கும். ஃபெயில்ஓவர் ஆகும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே வழி, நாமே விழவைத்துப் பார்ப்பதுதான். சேவையை முறையாக ஸ்டாப் செய்து பார்ப்பது சோதனையில் சேராது, அப்படி விடைபெற்றுக்கொண்டு எந்த சர்வரும் விழுவதில்லை. பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கும்படி ஃபயர்வால் விதி போடுங்கள். டிஸ்கை நிரப்புங்கள். நெட்வொர்க்கில் செயற்கையாக இரண்டு விநாடி தாமதம் சேருங்கள். டிராஃபிக் குறைவான நேரத்தில், எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எப்படித் திரும்பச் சரிசெய்வது என்பதை எழுதி வைத்துக்கொண்டு. அந்தக் குறிப்பு அதே கிளஸ்டரில் ஓடும் விக்கியில் இருக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் அமேசானின் சேமிப்புச் சேவையான எஸ்3 நின்றபோது, அதன் நிலைப் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், சேவை கோளாறு என்று அங்கே மாற்றி எழுத முதல் இரண்டு மணி நேரம் முடியவில்லை.

விழுந்த சர்வர் திரும்பி வருவதையும் அதே சோதனையில் பாருங்கள். கேஷ் காலியாக வரும் நோடுக்கு உடனே பாதி டிராஃபிக்கைக் கொடுத்தால் மறுபடி விழும். ஏறும், இறங்கும், ஏறும். கீப்அலைவ்டி என்ற மென்பொருளை வைத்து விர்ச்சுவல் ஐபியை (சர்வர்களுக்கு இடையே மாறும் பொது முகவரியை) மாற்றுபவர்கள், பழைய மாஸ்டர் எழுந்ததும் தானாகப் பதவியைப் பிடுங்கிக்கொள்ளாதபடி அமைத்துவிடுங்கள், அதற்கென்றே ஒரு வரி கான்ஃபிகில் இருக்கிறது. லோட் பேலன்சரில் மெதுவாக டிராஃபிக்கை ஏற்றும் வசதி இருந்தால் ஓரிரு நிமிடம் வையுங்கள். டேட்டாபேஸ் நோடாக இருந்தால், எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து, முழுதாகப் பிடித்த பிறகு சேர்த்தால் போதும். நடுராத்திரியில் எழுந்துவந்த நோடு காலைவரை வெளியே நிற்கட்டும், எதனால் விழுந்தது என்று லாகைப் படித்துவிட்டு உள்ளே விடலாம்.