சாரக்கட்டு: கற்பித்தலில் ‘ஸ்காஃபோல்டிங்’

கற்பவர் தனியாகச் செய்து முடிக்க இயலாத, ஆனால் பிறர் துணையுடன் செய்யக்கூடிய ஒரு பணியில், தேவையான அளவு மட்டும் உதவி, திறன் கூடக் கூட அவ்வுதவியைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் முற்றிலும் விலக்கிக்கொள்ளும் கற்பித்தல் முறையை ஸ்காஃபோல்டிங் என்பர். இதை ‘உதவி’ என்றோ ‘ஆதரவு’ என்றோ பெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும். விலக்கிக்கொள்வதே அதன் மறுபாதி.

பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘ஸ்காஃபோல்ட்’ என்ற சொல் உயர்த்திக் கட்டிய மேடையைக் குறித்தது. தண்டனை நிறைவேற்றும் மேடைக்கும் கட்டடத் தொழிலாளர் நின்று வேலை செய்யும் மேடைக்கும் அதுவே பெயர். இதைக் கல்வியியலில் நிலைபெறச் செய்தது உளவியலாளர்களான டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாகும். மூன்று, நான்கு, ஐந்து வயதுடைய 30 குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடைக் கட்டச் செய்தனர். நான்கு கட்டைகள் இணைந்து ஓர் அடுக்காகும். அப்படி ஐந்து அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உச்சியில் ஒற்றைக் கட்டையைப் பொருத்த வேண்டும். இயன்றவரை குழந்தையே செய்யட்டும் என்று விட்டு, இடறிய இடத்தில் மட்டும் பயிற்றுநர் குறுக்கிட்டார். மூன்று வயதினரைப் பணிக்குள் ஈர்ப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. நான்கு வயதினருக்குப் பிழையைச் சுட்டும் சொல் போதுமானதாயிற்று. ஐந்து வயதினர் தாம் செய்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளவே அவரை நாடினர். ஒரே பணியில் உதவியின் வடிவம் கற்பவரின் நிலைக்கேற்ப மாறியது என்பதுதான் இவ்வாய்வில் எனக்கு முதன்மையாகப் படுகிறது. பின்னர் இக்கருத்து, சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ (கற்பவர் தனியாகச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பு) என்ற கோட்பாட்டுடன் இணைத்துப் பேசப்படலாயிற்று.

தமிழில் இதற்கான சொல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சவுக்குக் கம்புகளையும் மூங்கில்களையும் கயிற்றால் பிணைத்துக் கொத்தனார்கள் கட்டுவது சாரம். பூச்சு வேலை முடிந்ததும் அதை அவிழ்ப்பது சாரம் பிரித்தல். ஆயினும் ‘கற்றல் சாரம்’ என்று எழுதினால் கற்றலின் பிழிவு என்றே படிப்பவர் கொள்வர். இலங்கைத் தமிழருக்கோ சாரம் என்பது இடுப்பில் உடுத்தும் உடை. எனவே பெயராக ‘சாரக்கட்டு’ என்பதும், வினையாகச் ‘சாரங்கட்டுதல்’, ‘சாரம் பிரித்தல்’ என்பனவும் பொருந்தும். ‘முட்டு’ என்பதை நான் ஏற்கவில்லை. விழக்கூடியதைத் தாங்கி நிறுத்துவது முட்டு. சாரமோ கட்டடத்தைத் தாங்குவதில்லை, கட்டுகிறவரைத் தாங்குகிறது. கல்வியில் கட்டுகிறவர் கற்பவரே.

சிறப்புக் கல்வியில் இச்சொல்லின் நுட்பம் தெளிவாகப் புலப்படும். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு சிறுமிக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்பிக்கும் ஆசிரியர், பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் இழுப்பதை மட்டும் அவளிடம் விடுகிறார். அது கைவந்தபின் நுழைப்பதையும் அவளிடமே விடுகிறார். இப்படிக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவதால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவள் அவளாகவே இருக்கிறாள். ஆசிரியரின் கையும் படிப்படியாக விலகுகிறது: முதலில் அவள் விரல்மேல், பிறகு மணிக்கட்டில், பிறகு முழங்கையில், பிறகு சைகையாக மட்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு விலகுவது என்பதைக் கண்டறிவதே சிறப்பாசிரியர் பயிற்சியின் கடினமான பகுதி. அதை வகுப்பறையில் குழந்தையோடு இருந்துதான் பழக முடியும்.

ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லா ஏற்பாடும் சாரக்கட்டு அன்று. பிரெயில், சைகைமொழி, காதொலிக் கருவி, சக்கர நாற்காலிக்கான சாய்தளம், பேச இயலாதவர் தொட்டுக் காட்டும் படப்பலகை ஆகியவை பிரிப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவை கட்டடத்தின் பகுதிகள். பிரெயில் போன்ற மாற்று வழிகள் மாற்றுத்திறன் கொண்ட குழந்தையையும் அதே பண்பாட்டு வளர்ச்சிக்குக் கொண்டுசேர்க்கும் என்று 1920களிலேயே வலியுறுத்தியவர் வைகாட்ஸ்கி. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தனிநபரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தருமாறு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. ‘பலகை இருந்தால் குழந்தை பேசவே பழகாது’ என்று படப்பலகையைப் பிடுங்கி வைப்பவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், அக்குழந்தையின் வாயை அடைக்கிறார். மறுபுறம், எழுதப் பழகக்கூடிய குழந்தையின் கையை ஆண்டு முழுவதும் பிடித்தே எழுதவைப்பது, பிரிக்க வேண்டிய சாரத்தைச் சுவராக்கிவிடுவது.

ஆகவே ஒரு குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தை எழுதும்போது இவ்விரண்டையும் ‘உதவிகள்’ என்ற ஒரே தலைப்பில் அடுக்காமல், ‘சாரக்கட்டு’ என்றும் ‘நிலையான ஏற்பாடு’ என்றும் பிரித்து எழுதுவது நல்லது. முதலாவதின்கீழ் வரும் ஒவ்வொன்றுக்கும் நேராக, குழந்தை எதைத் தானே செய்யத் தொடங்கியதும் அது பிரிக்கப்படும் என்பதையும் குறிக்க வேண்டும்.