போன மாதம் ஒரு சொல், இந்த மாதம் வேறு சொல்

ஆலோசனைக்கு வந்த ஓர் அம்மா, நாலாக மடித்த காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். பைசெக்சுவல், பான்செக்சுவல், டெமிசெக்சுவல், என்பி என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. "ஒன்றரை வருஷத்துல இத்தனை மாறியிருக்கு மேடம். இது குழப்பம்தானே? கொஞ்ச நாள் பொறுத்தா எல்லாமே போயிடும்தானே?"

19 வயதுப் பிள்ளை தன் பாலீர்ப்பையும் பாலினத்தையும் பற்றி வீட்டில் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நாள் தவறாமல் குறித்து வைத்திருக்கிறார். அந்தக் கவனம் என்னைத் தொட்டது. (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்தப் பட்டியலை இருவரும் சேர்ந்து படித்தோம். பாலினம் எதுவானாலும் தன் ஈர்ப்புக்கு அது ஒரு பொருட்டில்லை என்று உணர்பவர்கள் பான்செக்சுவல் என்கிறார்கள். மனம் நன்றாக ஒட்டிய பிறகுதான் ஈர்ப்பே வரும் என்றால் டெமிசெக்சுவல். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் ஈர்ப்பு உண்டு என்பதால் பைசெக்சுவல் என்று முதலில் சொன்னவருக்கு இந்த இரண்டும் பொருந்துவதில் முரண்பாடே இல்லை. ஊர் எது என்று கேட்டால் முதலில் மாவட்டம், அப்புறம் தெரு என்று சொல்வதைப் போலத்தான். என்பி என்பதோ ஈர்ப்பைப் பற்றிய சொல்லே அல்ல. ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் 'நான்பைனரி'யின் இரண்டு முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் வருவது அது. அம்மா மாற்றம் என்று எண்ணிய நான்கில், உண்மையில் எதுவும் இன்னொன்றை அழிக்கவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்கே தெரியாது. மூன்றாவது சந்திப்பில் வேறு சொல்லோடு வந்த ஓர் இளைஞரிடம், "முதல்ல நீங்க யாருன்னு ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்ப வரவில்லை. முடிவுக்கு வருவதற்காகத்தானே அவர் என்னிடம் வந்தார்! இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

இந்தச் சொற்கள் எப்போதுமே அசைந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. 1864இல் கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மானியர், ஆணை விரும்பும் ஆணுக்கு 'உர்னிங்' என்று பெயர் வைத்தார். பிளேட்டோவின் நூலொன்றில் வரும் தேவதையிடமிருந்து எடுத்த சொல் அது. தன்னைப் போல இல்லாதவர்களும் இருக்கிறார்கள் என்று கடிதங்கள் வழியாக அறிந்தபோது, பெண்களுக்கு ஒன்று, இருபாலரையும் விரும்புவோருக்கு ஒன்று என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனார். அவர் இன்று ஒரு பெற்றோரின் பிள்ளையாக இருந்தால் அவர் பெயரிலும் ஒரு காகிதம் இருந்திருக்கும். 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல் 1869இல் அச்சானது. பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து கெர்ட்பெனி என்ற எழுத்தாளர் எழுதிய துண்டுப் பிரசுரத்தில் வந்த அந்தச் சொல், பிறகு மருத்துவர்கள் கைக்குப் போய் நோயின் பெயராகிவிட்டது. 'ஹெட்ரோசெக்சுவல்' என்பதும் தப்பவில்லை: 1923இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி எதிர்பாலின ஈர்ப்பையே ஒரு நோய்த்தன்மையான வேட்கை என்றுதான் விளக்கியிருந்தது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியது 1973இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். இவ்வளவு காலம் அடுத்தவர்கள் பெயர் வைத்தார்கள். இப்போது தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். நாலு முறை மாற்றிப் பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லையா?

அதில் இருக்கும் விளையாட்டைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். பாலீர்ப்பு இல்லாத ஏசெக்சுவல் மக்கள் அந்தச் சொல்லை 'ஏஸ்' என்று சுருக்கி, சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். காதல் உணர்வு உண்டு என்றால் ஹார்ட்டின் ஏஸ். அதுவும் இல்லை என்றால் ஸ்பேட். தான் திருநர் என்று இன்னும் தனக்கே தெரியாதவர் 'முட்டை'. தெரியவரும் நாளில் ஓடு உடைகிறது. தன்பாலீர்ப்பாளர்களைச் சட்டம் துரத்திய காலத்தில் பிரிட்டனில் 'போலாரி' என்ற ரகசியப் பேச்சு இருந்தது. ஹேர் என்பதன் எழுத்துகளைத் தலைகீழாக்கி, தலைமுடிக்கு 'ரையா' என்பார்கள். பயத்துக்கு நடுவிலும் சிரிக்க இடம் வேண்டியிருந்தது. இவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் 'குயர்' என்பதே ஒரு காலத்தில் 'விசித்திரம்' என்ற பொருளில் தெருவில் எறியப்பட்ட வசைதான். எறியப்பட்டவர்களே எடுத்துப் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். தமிழில் அதற்குப் 'பால்புதுமையினர்' என்று சொல்லும்போது 'புதுமை' என்ற சொல் செய்யும் வேலையைக் கவனியுங்கள். விசித்திரம் என்ற பழைய ஏளனம் அதில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குள் சிரித்துச் சொல்லிக்கொள்ளும் பெயரை வெளியே இருக்கும் நாம் கூப்பிடும் பெயராக்க வேண்டாம். யாரையும் பார்த்து 'இவர் முட்டை' என்று நாம் கணிப்பதும் வேண்டாம். அந்த ஓடு உள்ளிருந்துதான் உடைய வேண்டும். அதேபோல, உங்களை நம்பி ஒருவர் சொன்ன சொல்லை அவர் அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆளிடம் சொல்லாதீர்கள், சித்தப்பாவிடம்கூட.

சொல் மாறும்போது உள்ளுக்குள் குற்ற உணர்ச்சியும் வருவதுண்டு. "இத்தனை நாள் லெஸ்பியன்னு சொன்னேன், இப்போ இல்லைன்னா நான் பொய் சொன்னேன்னு ஆகாதா மேம்?" என்று அழுத ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். அன்று அவருக்குத் தெரிந்ததை அன்று சொன்னார். அது பொய்யே இல்லை. புதுச் சொல் எதுவும் அவசரமாகத் தேவையும் இல்லை. என் குறிப்பேட்டிலும் இப்போதெல்லாம் வந்தவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, "இந்தச் சொல் உங்களுக்கு என்ன அர்த்தம் தருது?" என்று கேட்கிறேன். ஒரே சொல்லுக்கு இரண்டு பேர் ஒரே பதில் சொன்னதாக நினைவில்லை.

அந்த அம்மாவுக்கு இன்னொரு கஷ்டம் இருந்தது. என்பி என்று சொன்ன பிள்ளையை அவன் என்பதா, அவள் என்பதா? தமிழில் 'அவர்' இருக்கிறதே என்று நான் சொல்ல, முகம் வாடிவிட்டது. பெற்ற பிள்ளையை எப்படி அவர் என்பது, விருந்தாளி மாதிரி ஆகிவிடாதா என்றார். நியாயம்தான். திருநரைப் பார்த்து வெளியாள் 'அது' என்றால் பச்சை அவமானம். ஆனால் வீட்டில் "பிள்ளை வந்துடுச்சா, சாப்பிட்டுச்சா" என்று கேட்கும்போது அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பாசம் மட்டும் இருக்கிறது. பிள்ளைக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுங்கள் என்றேன். சொற்களின் அர்த்தத்தையும் அப்படியே பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன்.

அடுத்த முறை அதே காகிதத்தோடு வந்தார். தேதிகளுக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள். கடைசிச் சொல்லுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். இது ஏன் என்று கேட்டேன்.

"அது இன்னும் யோசிக்கணும்னு சொல்லுச்சு மேடம்" என்றார்.