அந்த ஷீட்டைத் தேய்த்துக் கழுவாதீர்கள்

பள்ளிக்கூட வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையில் இருந்த சில்லைப் பார்த்துத்தான் அன்றைக்கு நின்றேன். அது பானை ஓடு இல்லை. சாம்பல் நிறத்தில், உடைந்த ஓரத்தில் பஞ்சு மாதிரி பிசிறு நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டு. நிமிர்ந்து பார்த்தால், வகுப்பறைக் கூரையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் முனையைக் காணோம். பனம்பழம் விழுந்து உடைந்ததாம். "அது போன வருசமே போச்சு சார்" என்றார் தலைமை ஆசிரியர், மழை ஒழுகவில்லையே என்ற நிம்மதியில்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கட்டிட உறுதிச் சான்றுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வருகிற பொறியாளர் நான். கட்டிடம் நிற்குமா, விழுமா என்பதுதான் அந்தச் சான்றின் கேள்வி. கூரை பொடியாக உதிர்கிறதா என்று அதில் யாரும் கேட்பதில்லை. பல வருடம் நானும் கேட்கவில்லை.

இந்தக் கூரைகள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றும் ஓலையும் இறங்கின. கையில் காசு குறைவாக இருந்த இடங்களில் அதற்குப் பதிலாக ஏறியது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். ஷீட் தீப்பிடிக்காது, விலையும் கட்டுப்படியாகும். அன்றைக்கு எடுத்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த ஷீட்டுகளுக்கு இப்போது இருபது வயது. அதற்கு முன்பே போட்டவையும் நிறைய இருக்கின்றன.

ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்; மீதி பெரும்பாலும் சிமெண்ட். சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கிற வரை நார் வெளியே வராது. வெயிலும் மழையும் மேல்பக்கச் சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்போது நார் தலைகாட்டும். நம் கடற்கரையில் உப்புக்காற்று, ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற ஜே போல்ட் என்ற கொக்கி போல்ட்டைத் தின்றுவிடுவது இன்னொரு தொல்லை. துருப்பிடித்த போல்ட் ஊதும், துளையைச் சுற்றி விரிசல் விடும். அப்புறம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஷீட் லேசாக ஆடி ஆடி, அந்த விரிசலிலேயே உரசிக்கொண்டிருக்கும். போல்ட்டுக்கு நேர் கீழே பெஞ்சின் மேல் சாம்பல் பொடி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நார் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் கரையாது. நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் நோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் இதனால் வருபவை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மீசோதீலியோமா தலைகாட்ட இருபது, நாற்பது வருடம்கூட ஆகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நாற்பது வருடம் முழுசாக முன்னால் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கூரையைப் பிரித்துவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உடையாமல், யாரும் தொடாமல் கிடக்கிற ஷீட்டிலிருந்து வருவது குறைவு. நல்லெண்ணத்தோடு அதன் மேல் கை வைக்கிற நாளில்தான் பொடி கிளம்பும்.

என் கதையே அதற்குச் சாட்சி. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பள்ளிக்கு வெயில் தணிக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்க நன்கொடை வந்தது. பாசியும் அழுக்கும் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும் என்று, கம்பி பிரஷ் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னது நான்தான். இரண்டு பேர் இரண்டு நாள், தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த ஷீட்டையே தேய்த்தார்கள். கீழே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஷீட் போடுகிற ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "நாப்பது வருசமா இதுலதான் சார் கெடக்கேன். எனக்கு என்ன ஆச்சு?" பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன், அவர் கையில் பீடி இருந்தது. புகையும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. "அண்ணே, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் சட்டையை யார் உதறுறா?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? ஷீட் முழுசாக இருந்தால் விட்டுவிடுங்கள். துளை போடாதீர்கள், மின்விசிறிக் கொக்கியையோ ஒயரையோ அதில் மாட்டாதீர்கள். மேற்பரப்பு பொரிந்திருந்தால் தேய்க்காமல், வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாமல், பூச்சு மட்டும் கொடுங்கள். உள்ளே பொடி விழுந்தால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியையும் பையில் கட்டிவிட வேண்டும்.

கழற்றியே தீர வேண்டும் என்றால் கோடை விடுமுறையில், கடல்காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே தொடங்குங்கள். சோப்புக் கரைத்த தண்ணீரை மெல்லத் தெளித்து ஷீட்டை ஊறவிட வேண்டும். தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ஊரில் இதைக் கேட்டால் முறைப்பார்கள். ஒரு டேங்கர் தண்ணீர் விலையையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். போல்ட்டை அறுத்து ஷீட்டை முழுசாகக் கைமாற்றி இறக்க வேண்டும், மேலிருந்து போடவே கூடாது. வாய்க்குத் துண்டு கட்டினால் நார் நிற்காது. நுண்துகள் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ஏறுகிறவர் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து ஆளை உள்ளே தள்ளும்.

இறக்கிய ஷீட் எங்கே போகிறது என்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறோம். "பழசை நாங்களே எடுத்துக்கிறோம், கூலியில் கழிச்சுக்கங்க" என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அது ஆட்டுக்கொட்டகைக்கும் டீக்கடைக்கும் போகும், உடைந்தது பாதையில் பள்ளம் நிரப்பும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கனத்த பாலிதீனில் சுற்றி, ஒட்டி, மேலே கல்நார் என்று எழுதி வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எங்கே அனுப்புவது என்று எழுத்தில் கேளுங்கள்.

அமெரிக்காவில் 1986-லேயே இதற்கென்று பள்ளிகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. எங்கே கல்நார் இருக்கிறது என்று ஒவ்வொரு பள்ளியும் எழுதி வைக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு மறுபடி ஆய்வு செய்ய வேண்டும். பெற்றோர் கேட்டால் அந்த ஏட்டைக் காட்டவும் வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தெறி என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நம் நாட்டில் கல்நார் ஷீட்டுக்குத் தடையே இல்லை, கடையில் இன்றும் கிடைக்கிறது. ஆனாலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. எந்த அறை, எத்தனை ஷீட், எது உடைந்தது, யார் எப்போது கை வைத்தார்கள் என்று எழுதி வையுங்கள். தலைமை ஆசிரியர் மாறுதலில் போனாலும் நோட்டு அங்கேயே இருக்கும்.

அப்புறம் ஒன்று விட்டுப்போச்சு. கூரையைப் பார்த்துவிட்டு அறிவியல் ஆய்வகத்து அலமாரியையும் திறந்து பாருங்கள். விளக்கின் மேல் பீக்கரைத் தாங்குகிற கம்பி வலையின் நடுவில் வெள்ளை வட்டம் இருக்குமே, பழைய வலைகளில் அதுவும் கல்நார்தான். இப்போது பீங்கான் பூச்சு போட்டு வருகிறது. எது எதுவென்று தெரியாவிட்டால் பழசையெல்லாம் கல்நார் என்றே வைத்துக்கொண்டு, நனைத்து, பையில் போட்டுக் கட்டுங்கள். சுரண்டிப் பார்க்க வேண்டாம்.