கேட்ச்: பிடியும் பாடும்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளிடம் ‘கேட்ச்’ என்றால் என்ன என்று கேளுங்கள். ‘பிடி’ என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். சரிதான். மீன் பிடி, பந்தைப் பிடி, பஸ்ஸைப் பிடி, திருடனைப் பிடி, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘கேட்ச்’ பொருந்தும். இரண்டு மொழிச் சொற்கள் இவ்வளவு தூரம் சேர்ந்து நடப்பது அபூர்வம். அந்த நெருக்கத்தாலேயே பிழையும் வருகிறது. தமிழில் ‘பிடி’ போகிற இடமெல்லாம் ‘கேட்ச்’ வராது.

எது வரை ஒன்று, எங்கே வேறு என்பதைப் பாம்பன் துறையில் நின்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். படகு கரைக்கு வரும்போது அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், நிற்பவர் கயிற்றைச் சுருட்டி வீசுவார். “டேய் மாப்ள, பிடி!” கரையில் நிற்பவன் எட்டி வாங்குவான். வாங்கிய மறுநொடி படகிலிருந்து அடுத்த சத்தம்: “விட்றாத, பிடிச்சுக்க!” கயிறு விறைக்கும். படகு அணையும்வரை அவன் காலை ஊன்றி நிற்பான். முதலில் சொன்ன ‘பிடி’தான் ‘கேட்ச்’. பிறகு சொன்ன ‘பிடிச்சுக்க’ ‘ஹோல்ட்’.

பறந்து வருகிற கயிறு கைக்குள் வந்து சேரும் கணத்துக்கு மட்டுமே ‘கேட்ச்’. வந்தது கையிலேயே இருந்தால் அது ‘ஹோல்ட்’. ஆங்கிலம் இதற்கு இரண்டு தனி வினைகளை வைத்திருக்கிறது. தமிழ் ஒரே வினையோடு ‘கொள்’ என்பதைச் சேர்த்துக் காட்டிவிடுகிறது. பேச்சில் பல நேரம் அந்தக் ‘கொள்’ உதிர்ந்துபோகும். பஸ்ஸில் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவரிடம் “அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க” என்கிறோம். இதை அப்படியே ‘கேட்ச் திஸ் பேக்’ என்றால், ஆங்கிலம் அறிந்தவர் பை தன்மேல் பறந்து வரப்போகிறது என்று கையைத் தூக்குவார். ‘ஹோல்ட் திஸ் பேக்’ என்பதே சரி. குடை பிடிப்பதும், ஏணியைப் பிடிப்பதும், குழந்தையின் கையைப் பிடித்து ரோட்டைக் கடப்பதும் ‘ஹோல்ட்’தான்.

அசையாத பொருளுக்கும் ‘கேட்ச்’ ஒட்டாது. மீன், நண்டு, கணவாய், இறால் என ஓடுகிறவை, நீந்துகிறவை எல்லாம் ‘கேட்ச்’. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் முங்கி எடுக்கும் கடல்பாசிக்கு ‘கேட்ச்’ சொல்ல முடியாது. ‘கலெக்ட்’ அல்லது ‘கேதர்’ என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஆட்களும் பாசி பிடிக்கப் போவதாகச் சொல்வதில்லை. பாசி எடுக்கத்தான் போவார்கள். சங்குக்கு ‘குளிக்கிறார்கள்’. தாய்மொழியில் நாவுக்குத் தெரிந்திருக்கும் இந்தக் கணக்கை ஆங்கிலத்துக்கும் எடுத்துப் போனால் பாதிப் பிழை தானாகவே குறையும்.

அடுத்து, யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்கிற சங்கதி. தமிழில் ‘எனக்குச் சளி பிடித்தது’. சளி எழுவாய், நான் அகப்பட்டவன். ஆங்கிலம் அதைத் தலைகீழாகச் சொல்லும்: ‘ஐ காட் எ கோல்ட்’. ஆள் போய்ச் சளியைப் பிடிக்கிறான். தமிழ் அமைப்பிலேயே நினைத்து ‘கோல்ட் காட் மீ’ என்று எழுதும் மாணவர்கள் நிறைய. நெருப்பும் அப்படியே. ‘படகு தீப்பிடித்தது’ என்பதற்கு ‘தி போட் காட் ஃபயர்’ என்று எழுத வேண்டும். படகு முதலில், தீ பின்னால். தீக்கு முன் ‘எ’, ‘தி’ எதுவும் வேண்டாம். நோய் என்றால் தொற்றிக்கொள்வதற்கு மட்டும்தான் ‘கேட்ச்’. சளி, காய்ச்சல், அம்மைக்கு வரும். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் வராது. பேய் பிடிப்பது, பைத்தியம் பிடிப்பது, பிள்ளை அடம் பிடிப்பது, நிறம் பிடிப்பது, போட்டோ பிடிப்பது, வேலை முடிய நேரம் பிடிப்பது, எதிலும் ‘கேட்ச்’ நுழையாது. மீன் வியாபாரி கொடுத்த அட்வான்ஸை விற்ற பணத்தில் பிடித்துக்கொள்கிறாரே, அதற்கு ஆங்கிலத்தில் ‘டிடக்ட்’.

இறந்தகால வடிவம் ‘கேட்ச்ட்’ அல்ல, ‘காட்’. எழுத்துக்கூட்டு சி, ஏ, யு, ஜி, ஹெச், டி. நடுவிலுள்ள ஜி, ஹெச் இரண்டும் ஒலிக்காது. ‘கிடைத்தது’ என்று பொருள்படும் ‘கெட்’டின் இறந்தகாலத்தையும் தமிழில் ‘காட்’ என்றே எழுதுவதால் குழப்பம் வரும். ‘கட்டு’ என்பதில் வருகிற வல்லின ஒலியோடு, உயிரைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ‘பிடித்தது’. ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல மெலிந்து, குறுகி ஒலித்தால் ‘கிடைத்தது’.

இந்த ‘காட்’ வடிவம் வந்த கதையை எந்த மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ‘கேட்ச்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. லத்தீனில் ‘எடு’ என்னும் பொருளுள்ள ‘கபேரே’, அதிலிருந்து ‘கப்தாரே’, அங்கிருந்து வட பிரான்ஸ் வழக்கில் வேட்டையாடுதலைக் குறித்த ‘காச்சியே’ என்று நடந்து, 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆங்கிலத்துக்குள் வந்தது. தொடக்கத்தில் அதற்கு ‘துரத்து’ என்ற பொருளும் இருந்தது. அதே லத்தீன் வேர் பாரிஸ் பக்கத்து வழக்கில் ‘ச’ ஒலியோடு திரிந்து, பின்னால் தனியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதுதான் ‘சேஸ்’, துரத்துவது. ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டும் ஒரே வீட்டுக்கு வந்தபின் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன: துரத்துவது ‘சேஸ்’, துரத்தி எட்டுவது ‘கேட்ச்’. ‘பர்ச்சேஸ்’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். தேடித் துரத்திப் பெறுவது என்பது அதன் பழைய பொருள். கடலில் நடக்கும் ‘கேட்ச்’சும் கரையில் ஏலத்தில் நடக்கும் ‘பர்ச்சேஸ்’சும் ஒரே வேரில் கிளைத்தவை.

பிரெஞ்சிலிருந்து வந்த வினைகள் பெரும்பாலும் ‘எட்’ சேர்த்து ஒழுங்காக இறந்தகாலம் ஆகும். ‘கேட்ச்’ ஆகவில்லை. பழைய ஆங்கிலத்தில் பிடிப்பதற்கு ‘லாட்ச்’ என்ற சொந்த வினை இருந்தது. அதன் இறந்தகாலம் ‘லாட்’ என்பதுபோல் ஒலித்தது. பொருள் ஒன்றாக இருந்ததால் வந்த சொல்லும் இருந்த சொல்லின் வடிவத்தை ஏற்றுக்கொண்டது. பழைய ‘லாட்ச்’ இன்று கதவுத் தாழ்ப்பாளோடு நின்றுவிட்டது. ‘கேட்டமரான்’ என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு. அது நம் கட்டுமரம், ‘கேட்ச்’சோடு எந்த உறவும் இல்லாதது.

‘பிடி’யின் குடும்பம் திராவிட மொழிகள் முழுக்க இருக்கிறது. மலையாளத்தில் ‘பிடி’யே. கன்னடத்தில் பகரம் ஹகரமாகி ‘ஹிடி’. தெலுங்கில் கைமுட்டிக்கு ‘பிடிகிலி’. கத்திப்பிடி, ஒரு பிடி அரிசி, பிடிமானம், பிடிவாதம் என்று நம்மிடம் கிளை விரிந்தது எல்லாம் கையை மூடி இறுக்குவதிலிருந்துதான். ‘கேட்ச்’ ஓட்டத்தில் பிறந்த சொல், ‘பிடி’ கையில் பிறந்த சொல். தமிழ்ச்சொல் ‘ஹோல்ட்’ வேலையையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ‘டேக்’, ‘கேட்ச்’ இரண்டும் உண்டு. எதில் போனோம் என்று சொல்ல ‘டேக்’. புறப்படுமுன் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல ‘கேட்ச்’. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரம் தீவில் இருந்தவர்கள் சாலைப் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் ரயிலைப் ‘பிடிக்க’ வேண்டியிருந்தது. ‘கேட்ச்’ சரியாகப் பொருந்துவது அந்த அவசரத்துக்குத்தான்.

ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போது அகப்பட்டால் வினைக்கு ‘இங்’ சேரும்: ‘தே காட் ஹிம் ஸ்டீலிங்’. ‘டு ஸ்டீல்’ என்று எழுதக் கூடாது.

இங்கே நம் கரைக்கு மிகவும் வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை இருக்கிறது. ‘கடல் அட்டை பிடிபட்டது’ என்று செய்தி வரும். அந்தப் ‘பிடிபட்டது’ ஆங்கிலத்தில் ‘சீஸ்ட்’. பொருளை அதிகாரிகள் ‘சீஸ்’ செய்வார்கள். கடத்தியவர் ‘காட்’ ஆவார். இன்னொரு செய்தி, எத்தனையோ வீடுகளில் அடுப்பை அணைத்துவிடும் செய்தி: ‘மீனவர்கள் சிறைபிடிப்பு’. இதற்கு ‘காட்’ எழுதவே கூடாது. ஆளுக்கு அந்தச் சொல்லை வைத்தால் குற்றம் செய்து மாட்டிக்கொண்டான் என்ற பொருள் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். ‘அரெஸ்டட்’ அல்லது ‘டிடெய்ன்ட்’ என்று எழுதலாம், படகுக்கு ‘சீஸ்ட்’. மொழிபெயர்க்கிறவர் அவசரத்தில் போடும் ஒரு சொல் தங்கச்சிமடத்துக் குடும்பத்தைக் குற்றவாளிக் குடும்பமாகக் காட்டிவிடக் கூடாது.

இனி, பெயர்ச்சொல்லாக வரும் ‘கேட்ச்’. கிரிக்கெட்டில் ‘கேட்ச் பிடிச்சான்’ என்பது ஊறிப்போன வழக்கு, அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஒரு சலுகையைச் சொல்லிவிட்டு ‘இதில் என்ன கேட்ச்’ என்று கேட்டால், நம் பேச்சில் ‘இதுல என்ன கொக்கி’ என்று அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது. ‘கேட்ச்மென்ட்’ என்பதற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கண்மாய்களை நம்பியிருக்கும் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் அது எல்லோருக்கும் பழகிய சொல்.

மீன் விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம். கூட்டங்களில் ‘இந்த சீசன் கேட்ச் குறைவு’ என்கிறார்கள், இல்லையென்றால் ‘மீன்பிடிப்பு அளவு’ என்று எழுதுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பும் நாளில் கரைக்கு வந்து பாருங்கள். “என்ன சித்தப்பா, பாடு எப்படி?” “எங்கடா, காரல்தான் பட்டுச்சு.” மீன்பாடு, சுருக்கமாகப் பாடு. வலையில் மீன் ‘படும்’, அதனால் ‘பாடு’. பெயர்ச்சொல் ‘கேட்ச்’சுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. நாளிதழ்களும் அதை எழுதத்தான் செய்கின்றன. பாடநூலிலும் அறிக்கையிலும் அதுவே வர வேண்டும்.

‘லேண்டிங்’ வேறு. கடலில் பட்டது முழுவதும் ‘கேட்ச்’. அதில் கழித்துக் கடலிலேயே கொட்டியதுபோகக் கரையில் இறங்கியது ‘லேண்டிங்’. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு இறங்கியதன் கணக்கு. 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. மீன் இறங்குதளம் என்று நாம் ஏற்கெனவே சொல்வதால், இதற்கு ‘மீன் இறக்கம்’ என்றே எழுதலாம்.

‘பைகேட்ச்’சைச் சிலர் ‘சங்காயம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். முழுக்கப் பொருந்தவில்லை. சங்காயம் என்பது கோழித் தீவனத்துக்கும் மாவுக்கும் போகிற மலிவு மீன். ‘பைகேட்ச்’ என்பது நாம் தேடிப் போகாமல் கூடவே வந்து பட்டது. இறால் மடிவலையில் ஏறிய ஆமை ‘பைகேட்ச்’, ஆனால் சங்காயம் ஆகாது. ‘உடன்பாடு’ என்று சொல்லத் தோன்றும், அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. ‘கூடப்பட்டது’ என்று கரைப் பேச்சிலேயே சொல்லலாம், அறிக்கையில் எழுத ‘பக்கப்பாடு’ என்று வைத்துக்கொள்ளலாம்.